வெண்பனிக்கு வாசனை உண்டு

ஆங்கிலக் கவிதை படிப்பிக்கிறவர் வெண்பனியைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்பது எங்கள் கல்லூரியின் வெள்ளைக்கார அதிபரின் கட்சி. நான் பார்த்ததில்லை. இன்றுவரை பார்க்கவில்லை, இந்த வயதுக்கு மேல் பார்க்கப்போவதும் இல்லை. ஆகவே அவருடைய கணக்கில் நான் இலக்கணத்துக்குத்தான் லாயக்கு. வாக்கியத்தைத் துண்டு துண்டாகப் பிய்த்து, எழுவாய் எது, பயனிலை எது என்று கரும்பலகையில் அடுக்க எனக்கு அனுமதி இருந்தது. கவிதைப் புத்தகம் அவருடைய அலுமாரியில் இருந்தது.

கண்டி வாவிக்கு மேலே, மேட்டில் இருந்த கல்லூரி அது. அங்கே ஒரு மேல்வகுப்பு நடந்தது. ஊரில் அதைச் சர்வகலாசாலை வகுப்பு என்பார்கள். அந்தக் காலத்தில் இலங்கையில் சர்வகலாசாலை என்று ஒன்று கிடையாது. இந்தியாவில் இருந்த ஒன்றின் பரீட்சைக்கு நாங்கள் இங்கேயிருந்து ஆள் தயார் செய்தோம். கேள்வித்தாள் அரக்கு முத்திரை வைத்துக் கப்பலில் வரும். விடைத்தாளும் அப்படியே கட்டப்பட்டுக் கப்பலில் போகும். அங்கே யார் அதைத் திருத்துகிறார்கள், அவர் சாப்பிட்டுவிட்டுத் திருத்துகிறாரா பசியோடு திருத்துகிறாரா என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. மாதக்கணக்கில் காத்திருப்போம். பிறகு ஒரு நாள் தபாலில் எங்கள் தலையெழுத்து வந்து சேரும்.

நான் கண்டிக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கம்பளிக் கடை போட்டவர். கோப்பித் தோட்டங்களுக்கு வேலைக்கு வரும் சனங்கள் மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மலையேறுவார்கள். கொண்டுவரும் வேட்டி சேலை மலைக்குளிருக்கு எந்த மூலைக்கு? தோட்டத்துத் துரைமார் அவர்களுக்குக் கறுப்புக் கம்பளி வாங்கிக் கொடுப்பார்கள். அந்தக் கம்பளியில் பெரும்பங்கு எங்கள் கடையில் இருந்துதான் போயிற்று. கோப்பி நன்றாக இருந்தால் ஆட்கள் வருவார்கள், ஆட்கள் வந்தால் கம்பளி போகும், கம்பளி போனால் நான் படிக்கலாம். அப்படித்தான் மதராசுக்குப் போய் ஆங்கில இலக்கியம் படித்தேன்.

மதராசில் இலக்கியம் படித்த விதத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பேராசிரியர் மேடையில் நின்று குறிப்புச் சொல்வார். நாங்கள் எழுதுவோம். வேர்வை கையிலிருந்து வடிந்து தாளை நனைக்கும். நனையாத இடமாகப் பார்த்து எழுதுவோம். இரவில் அதை மனப்பாடம் செய்வோம். எனக்குக் கவிதை எழுதும் பைத்தியமும் இருந்தது. சட்டையைக் கழற்றிப்போட்டு விசிறிக்கொண்டே, குளிர்கால மாலை, கணப்பின் செந்தழல், மார்பு சிவந்த சிறு குருவி என்று ஆங்கிலத்தில் எழுதித் தள்ளினேன். அந்தக் குருவியை நான் எங்கே கண்டேன்? என் ஜன்னலில் வந்து உட்கார்ந்தது காக்கை. காக்கையைப் பற்றி ஒரு வரிகூட எழுதத் தோன்றவில்லை.

பட்டத்தோடு கண்டிக்குத் திரும்பி வந்து இலக்கணம் கற்பித்தேன். ஒரு வருடம், இரண்டு வருடம் என்று போய்க்கொண்டே இருந்தது. பக்கத்து அறையில் அதிபர் கவிதை வாசிக்கும் குரல் சுவரைத் தாண்டி வரும். நல்ல குரல் அவருக்கு. என் மாணவர்களுக்கு வேற்றுமை உருபு போல எதையாவது எழுதப்போட்டுவிட்டு, நான் சுவரோரம் நின்று கேட்பேன். பொறாமையாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்?

பிறகு அதிபருக்குக் காய்ச்சல் கண்டது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல். வைத்தியர் அவரை மாலையில் பேசவே கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். சாய்வுக் கதிரையில் கிடந்தபடி கவிதைப் புத்தகத்தை நீட்டினார்.

"இந்த வருஷம் நீங்கள் எடுங்கள்" என்றார் ஆங்கிலத்தில். "தோட்டத் துரைமார் இங்கிலாந்திலிருந்து ஒரு பட்டதாரியை வரவழைத்துச் சம்பளம் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இலக்கியத் தாளில் உங்கள் மாணவர்கள் தேறினால் வகுப்பு உங்களுடையது. தேறாவிட்டால் நான் அவர்களுக்குச் சரி என்று எழுதிவிடுவேன்."

நேராகப் பேசுகிற மனிதர். அந்த விஷயத்தில் அவர்மேல் எனக்குக் குறை இல்லை. நான் புத்தகத்தை வாங்கிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வாவிக்கரையோடு கடைத்தெருவுக்கு நடந்தேன். கால் தரையில் பாவவில்லை. அப்பாவிடம் சொன்னபோது, "இலக்கணம்னா என்ன, கவிதைன்னா என்ன? ரெண்டும் அதே சம்பளந்தானே?" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மேல்வகுப்பில் ஐந்து பேர். அவர்களில் இருவரைச் சொன்னால் போதும். ஒருவன் யாழ்ப்பாணத்து ஆள். தமையன் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்ததால் கண்டிக்குப் படிக்க வந்தவன். எதையும் கேள்வி கேட்டு உறுதிசெய்யாமல் நம்பமாட்டான். மற்றவன் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துக் கோப்பித் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவரின் மகன். தோட்டத்தில் பெயர் பதிந்து, கூலி எழுதி, துரைக்கும் ஆட்களுக்கும் நடுவில் அல்லாடுகிற வேலை அவன் அப்பாவுக்கு. மகனை அந்த வேலைக்கு விடக்கூடாது என்று இங்கே அனுப்பியிருந்தார். அந்தத் தோட்டங்களிலிருந்து மேல்வகுப்புவரை வந்த முதல் ஆள் இவன்தான். அதிகம் பேசமாட்டான். ஆனால் ஒரு கவிதையைச் சத்தமாக வாசிக்கச் சொன்னால், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவனுக்குச் சொல்லாமலே தெரியும்.

ஐவருக்கும் பொதுவான வழக்கம் ஒன்று இருந்தது. நான் மதராசில் கற்றுக்கொண்ட அதே வழக்கம். ஆசிரியர் வாயிலிருந்து எது வந்தாலும் எழுதிக்கொள்வார்கள். நான் இருமினால் அதையும் எழுதியிருப்பார்கள். எழுதியதை வாவியைச் சுற்றி நடந்துகொண்டே உருப்போடுவார்கள். மாலையில் அந்தப் பக்கம் போனால் என் குரலை ஐந்து தொண்டைகளில் கேட்கலாம். பரீட்சை அப்படிப்பட்ட பரீட்சை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

அந்த வருடத்துப் பாடத்தில் ஒரு குளிர்காலக் கவிதை இருந்தது. ஒருவன் நெடுநாளைக்குப் பிறகு தன் ஊருக்கு வருகிறான். அவன் வந்து சேரும் முன்பே வெண்பனி விழுந்து ஊரை மூடிவிடுகிறது. வழி, வேலி, தோட்டம் எல்லாம் ஒரே வெள்ளை. எது தன் வீடு என்று தெரியாமல் நிற்கிறான். அவ்வளவுதான் கவிதை. நான் வாசித்து முடித்ததும் யாழ்ப்பாணத்தான் கையை உயர்த்தினான்.

"சேர், உது விழேக்கை மழை மாதிரிச் சத்தம் கேக்குமோ?"

"கேட்காது."

"அப்ப ஆலங்கட்டி மாதிரி உடம்பிலை அடிக்குமோ?"

"அடிக்காது. மெதுவாக விழும்."

"சத்தமும் இல்லை, அடியும் இல்லை. அப்ப விழுந்தது எப்பிடித் தெரியும் சேர்?"

கேள்வி நியாயமானது. மதராசில் எழுதிய குறிப்பை மனதில் புரட்டினேன். நீராவி உறைந்து வெண்துகளாக விழுவது என்று அதில் இருந்தது. அதைச் சொன்னேன். ஐந்து பேனைகளும் எழுதின. ஐந்து முகங்களிலும் ஒன்றும் நடக்கவில்லை. ஊரை இழந்து நிற்கிற அந்த மனிதன் புத்தகத்துக்குள்ளேயே விறைத்துப்போய் நின்றான்.

அப்போதுதான் எனக்குச் சின்ன வயதில் ஒரு பங்குனி மாதம் அப்பாவோடு ஹுன்னஸ்கிரியவுக்குக் கம்பளி வண்டியில் போனது ஞாபகம் வந்தது. மாலையில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மலை பச்சையாக இருந்தது. அதற்கு முந்திய வாரம் மழை பெய்திருந்தது. வண்டிக்குள் கம்பளிக்கட்டின்மேல் தூங்கிவிட்டேன். விடிந்து எழுந்து பார்த்தால் மலையைக் காணோம். கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை. ஒவ்வொரு கோப்பிச் செடியின் ஒவ்வொரு கொப்பிலும் பூ. இலையே தெரியவில்லை. நேற்று எந்தப் பாதையால் வந்தோம் என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை. ஒரு சத்தமும் இல்லாமல் ஒரே இரவில் நடந்துவிட்டது. நான் பயந்துபோய் அழுதேன் என்று அப்பா பிறகு எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அதை வகுப்பில் சொன்னேன். "வெண்பனி விழுந்த ஊர் கோப்பி பூத்த மலை மாதிரி" என்றேன். இரவு பச்சை, காலையில் வெள்ளை. வழி தெரியாது. சத்தம் இல்லை. இரண்டு மூன்று நாளில் எல்லாம் கருகி உதிர்ந்து, அப்படி ஒன்று நடந்த தடயமே இருக்காது. மல்லிகை போன்ற அந்த வாசனை கண்டிவரை வந்ததாகக்கூடச் சொன்னேன். வந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. பேச்சு வேகத்தில் வந்துவிட்டது.

கணக்கப்பிள்ளையின் மகன் பேனையை வைத்துவிட்டான். முதன்முதலாகக் கேட்காமலே பேசினான்.

"அதுதான் வெண்பனியா சேர்? அப்பிடின்னா எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"நாங்க குடியிருக்கிற லயத்துக்கு எதிர்க்க உள்ள மலை ஒவ்வொரு வருசமும் அப்பிடித்தான் ஆகும். பூத்திருக்கிறப்ப செடிக்குள்ள ஆளு போகக்கூடாதுன்னு தொரை உத்தரவு போட்ருவாரு. வேலை இல்லாம எல்லாரும் லயத்து வாசல்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்போம். வீட்டுக்குப் போற வழி மறைஞ்சிரும் சேர். நெசந்தான்."

பிறகு கவிதையை அவனையே வாசிக்கச் சொன்னேன். கடைசி வரியில், தன் வீடு எது என்று தெரியாமல் அந்த மனிதன் நிற்கும் இடத்தில், அவன் குரல் கொஞ்சம் தடுமாறியது. யாழ்ப்பாணத்தான் தலையை ஆட்டினான். கவிதை படிப்பிப்பது என்றால் இதுதான் என்று அந்த நிமிடத்தில் எனக்குப் பட்டது. அத்தனை வருடம் சுவரோரம் நின்று கேட்டதற்கு அன்று பலன் கிடைத்ததாகச் சந்தோஷப்பட்டேன். மணி அடித்தபோது ஐவரும் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். என்ன எழுதினார்கள் என்று நான் பார்க்கவில்லை.

பரீட்சையில் அந்தக் கவிதையே வந்தது. அதில் வரும் காட்சியை உங்கள் சொந்த வார்த்தைகளில் விவரிக்க என்று கேட்டிருந்தார்கள். பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியே வந்தவர்களின் முகத்தைப் பார்த்தேன். பூரித்துப்போயிருந்தது. "எல்லாம் எழுதினனாங்கள் சேர், ஒண்டும் விடேல்லை" என்றான் யாழ்ப்பாணத்தான். நான் அன்று மாலை அதிபரின் அலுமாரியில் கவிதைப் புத்தகம் இருந்த இடத்தைப் பார்த்து, அடுத்த வருடத்துக்கு எதெதை எடுக்கலாம் என்று மனக்கோட்டை கட்டினேன்.

தபால் வந்தது. அதிபர் என்னைக் கூப்பிட்டார். காய்ச்சல் தணிந்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பரீட்சகரின் அறிக்கையை எடுத்துச் சத்தமாக வாசித்தார். கண்டியிலிருந்து எழுதிய ஐவரும் வெண்பனிக்கு இனிய நறுமணம் உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவர் அது பல மைல் தூரம் வீசும் என்கிறார். இன்னொருவர் மூன்று நாளில் அது கறுத்து உதிரும் என்கிறார். ஒரு விண்ணப்பதாரி, வெண்பனி விழுந்ததும் தேனீக்கள் கூட்டமாக வரும் என்று ஒரு பக்கம் முழுக்க விவரித்திருக்கிறார். இவர்களுக்கு இதைக் கற்பித்தவர் யாரென்று அறிய விரும்புகிறேன் என்று அறிக்கை முடிந்தது.

அதிபர் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நடந்ததைச் சொன்னேன். கோப்பிப் பூவைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒன்று சொல்லட்டுமா?" என்றார். "நான் இங்கிலாந்துக்கு வடக்கே, எங்கள் மலைநாட்டில் பிறந்தவன். வெண்பனிக்கு வாசனை உண்டு. விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் காற்றில் வரும். பூ வாசனை இல்லை. இன்ன வாசனை என்று சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் உண்டு. என் அம்மா ஜன்னலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, இன்றைக்கு விழும் என்பாள்."

"அப்படியானால் அதைப் பரீட்சகருக்கு எழுதுங்கள்" என்றேன்.

"எதை எழுதுவது? எங்கள் பையன்கள் எழுதியது சரி, என் அம்மா சாட்சி என்றா?"

"ஆமாம். அதைத்தான்."

அவர் அறிக்கையை மடித்து வைத்தார். எழுதவில்லை. எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் அதில்தான். சிரித்ததைக்கூட மன்னித்துவிட்டேன். அந்தப் பரீட்சகரும் வெள்ளைக்காரர், வெண்பனியில் நடந்த மனிதராகத்தான் இருந்திருப்பார். அவருக்கும் ஜன்னலைத் திறந்து மோந்து பார்த்த அம்மா ஒருத்தி இருந்திருப்பாள். ஐந்து பேரும் ஒரே மாதிரி எழுதியது எங்கள் வழக்கத்தின் கோளாறு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேனீயை எழுதியவன் கணக்கப்பிள்ளையின் மகனாகத்தான் இருக்கும், அவன் மனப்பாடம் செய்து எழுதவில்லை. நான் தேனீயைப் பற்றிச் சொல்லவே இல்லையே! சொந்த வார்த்தைகளில் விவரிக்க என்று கேட்டார்கள். அந்த மண்டபத்தில் சொந்த வார்த்தையில் எழுதியவன் அவன் ஒருவன்தான்.

அவன் தேறவில்லை. இலக்கியத் தாளில் தவறியது அவனும் இன்னும் இருவரும். யாழ்ப்பாணத்தான் மற்ற விடைகளில் சமாளித்துத் தப்பிவிட்டான். அதிபர் சொன்னபடியே துரைமாருக்குச் சரி என்று எழுதினார். கவிதைப் புத்தகம் திரும்ப அலுமாரிக்குப் போனது. கணக்கப்பிள்ளையின் மகனை இன்னொரு முறை எழுதச் சொன்னேன். "அப்பாவுக்கு முடியல்லை சேர். என்னைய வரச் சொல்றாரு" என்று சொல்லிவிட்டுப் போனான். தோட்டத்துக்குப் போகும் வழியில் தெல்தெனிய வரை போகும் வண்டியொன்றில் அவனை ஏற்றிவிட்டேன்.

இங்கிலாந்திலிருந்து ஒரு புதிய துரை வந்தார். இளவயது. நல்ல சுபாவம். என் அடுத்த அறையில் கவிதை வாசித்தார். அதிபரின் குரல் அளவுக்கு இல்லை. ஒரு நாள் ஆசிரியர் அறையில் நான் அவரிடம் வெண்பனியைப் பற்றிக் கேட்டேன். அவர் கடலோர ஊர்க்காரராம். அங்கே அது அபூர்வமாம். ஒரு தடவை விழுந்ததாம். அவர் பார்க்கப் போவதற்குள் வண்டிகள் ஏறிச் சேறாகிவிட்டதாம். இவரைத்தான் ஆறாயிரம் மைல் தள்ளியிருந்து கூப்பிட்டோம். மாணவர்களுக்கு அவர் சொன்ன குறிப்பு என்ன தெரியுமா? நீராவி உறைந்து வெண்துகளாக விழுவது. எல்லோரும் தேறினார்கள்.

நான் இலக்கணத்தில் கிடந்தேன். சுவரோரம் போய் நிற்பதையும் விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் கோப்பி இலையில் நோய் விழுந்திருந்தது. முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இலையின் அடியில் மஞ்சளும் சிவப்புமாகத் தூள். விரலால் தடவினால் ஒட்டும். பிறகு இலை உதிரும். அடுத்த வருடம் துளிர்க்கும், கொஞ்சம் பூக்கும், மறுபடி தூள் விழும். புசல்லாவைப் பக்கம் கோப்பி போய்விட்டது, தெல்தோட்டையிலும் நோய் வந்துவிட்டது என்று கடைத்தெருவில் பேசிக்கொள்வார்கள். எங்கள் கடையில் கம்பளிக்கட்டு உத்தரம்வரை உயர்ந்து நின்றது. தோட்டத்திலிருந்து வண்டி வரவில்லை. அப்பா தினமும் கடையைத் திறந்து, கட்டுகளைத் தட்டித் தூசி துடைத்து, மாலையில் பூட்டினார். புதிதாக ஆள் வந்து இறங்குவது நின்று, இருந்த ஆட்களில் பலர் ஊருக்கு நடக்கத் தொடங்கினார்கள். வரும்போது வந்த அதே காட்டுவழி.

அந்தக் காலத்தில் ஒரு தடவை ஹுன்னஸ்கிரியவுக்குப் போனேன். கணக்கப்பிள்ளையாகிவிட்ட என் மாணவனைப் பார்க்கத்தான் போனேன். தோளில் கம்பளியோடு, தலைப்பாகை கட்டி, அவன் அப்பாவைப் போலவே இருந்தான். கதிரையை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினான். எதிர்மலையில் ஆட்கள் கோப்பிச் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். தடிகளைத் தோல் சீவி அடுக்கியிருந்தார்கள். அதைக் கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்புகிறார்களாம். அங்கே மேசைக்குக் கால் செய்கிறார்களாம். பிடுங்கிய இடத்தில் தேயிலை நாட்டிக்கொண்டு வந்தார்கள்.

"சேர், வெண்பனிக்கு வாசனை இல்லையாமே?" என்றான் திடீரென்று. கோபமாகக் கேட்கவில்லை. எப்படியோ செய்தி அவனுக்குப் போயிருக்கிறது.

"உண்டு" என்றேன். "அதிபர் என்னிடம் சொன்னார். உண்டு."

"அப்பிடியா?" முகம் மலர்ந்துவிட்டது அவனுக்கு. "அப்ப தேனீ?"

"தேனீ வராது."

"பூத்தா தேனீ வராம எப்பிடி சேர் இருக்கும்?" என்றான். அவன் இன்னும் அந்தக் கவிதைக்குள் இருந்தான். கண்ணைத் துடைத்தால் பார்த்துவிடுவான் என்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துரைமார் ஒவ்வொருவராகத் தோட்டத்தை விற்றார்கள். வாங்க ஆள் கிடைக்காதவர்கள் விட்டுவிட்டுப் போனார்கள். புதிய துரையின் சம்பளம் அவர்கள் கொடுத்தது. அது நின்றதும் அவர் கப்பல் ஏறினார். போகும்போது என் கையைப் பிடித்து, நல்ல மாணவர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அதிபர் கவிதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நிபந்தனை ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் உடம்பு தளர்ந்துவிட்டது.

எத்தனை வருடம் காத்திருந்த புத்தகம்! கோப்பி வாழ்ந்திருந்தால் அது என் கைக்கு வந்திராது. அப்பாவிடம் போய்ச் சொன்னேன். கம்பளிக்கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவர், "நல்லதாப் போச்சுப்பா. நம்ம வீட்டுல ஒருத்தருக்காவது வேலை இருக்கட்டும்" என்றார். அடுத்த மாதம் கடையை மூடினோம்.

அந்த விடுமுறையில் கோப்பிப் பூவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் கண்ணால் கண்ட ஒன்றை எழுத உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முதல் வரியிலேயே வெண்பனி வந்து நின்றது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் வந்தது. நான் படித்த மொழியில் வெள்ளைக்கு வேறு உவமையே இல்லை போலிருந்தது. காணாத ஒன்றைச் சொல்லக் கண்டதைப் பிடித்தவன், கண்டதைச் சொல்ல அந்தக் காணாததையே பிடிக்க வேண்டியிருந்தது. கடுப்பில் கிழித்துப்போட்டேன். தமிழில் எழுதலாம் என்று அப்போது தோன்றவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பல வருடங்கள் அந்த வகுப்பை எடுத்தேன். நல்ல பேர் வாங்கினேன் என்றுதான் நினைக்கிறேன். பாடத்திட்டம் சுற்றிச் சுற்றி வரும். ஒரு வருடம் அந்தக் குளிர்காலக் கவிதை திரும்பி வந்தது. வாசித்தேன். வெண்பனி என்றால் என்ன என்று ஒருவன் கேட்டான். நீராவி உறைந்து வெண்துகளாக விழுவது என்றேன். பேனைகள் எழுதின. முகங்களில் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"கோப்பி பூத்த மலை மாதிரி இருக்கும்" என்றேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் தேயிலைக் காலத்துப் பிள்ளைகள். இருவர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள்தான், ஒருவனுக்கு ஊர் ஹுன்னஸ்கிரிய. அவன்தான் கேட்டான்.

"கோப்பி பூத்தா எப்பிடி சேர் இருக்கும்?"

வெண்பனி மாதிரி என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். கரும்பலகைக்கு முதுகைக் கொடுத்து மேசையில் சாய்ந்துகொண்டேன். சாயங்காலம் பச்சையாக இருந்த மலை என்று தொடங்கினேன். கம்பளிக்கட்டின்மேல் தூங்கியது, விழித்ததும் அழுதது, லயத்து வாசலில் வேலையில்லாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த சனங்கள். வழக்கம்போல ஐந்தாறு தலைகள் குனிந்து எழுத ஆரம்பித்தன.

"இதை எழுத வேண்டாம்" என்றேன். "இது பரீட்சைக்கு வராது."

பேனைகளை வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தார்கள். மணி அடிக்கும்வரை சொன்னேன். மல்லிகை போன்ற வாசனையைச் சொன்னேன். தேனீக்களையும் சொன்னேன்.